ஆற்றில் நீர் குறைந்தது மழையாலா, மனிதராலா? பிரித்துச் சொல்ல வழி உண்டா?

வெண்மணல்

வணக்கம். ஓர் ஆற்றின் 60 ஆண்டு நீரோட்டத் தரவு மாத வாரியாக என் கையில் இருக்கிறது. முதல் 20 ஆண்டுகளின் சராசரியோடு கடைசி 20 ஆண்டுகளின் சராசரியை ஒப்பிட்டால் நீர் பாதியாகிவிட்டது. அதே நீர்ப்பிடிப்புப் பகுதியின் மழைக் கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். மழை 10% தான் குறைந்திருக்கிறது. இடையில், 24ஆம் ஆண்டில், மேலே ஓர் அணை வந்தது. பாசனப் பரப்பும் கூடியிருக்கிறது.

"மழை 10% குறைந்தது, அதனால் நீரும் 10% குறைந்திருக்கும். மிச்சம் 40% மனிதர் செய்தது" என்று அறிக்கையில் எழுதிவிடலாம் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. இதை ஒழுங்காகப் பிரிப்பது எப்படி? இந்த அறிக்கையை வைத்து நாளைக்கு யாருக்கு எவ்வளவு நீர் என்று முடிவெடுப்பார்கள். அதனால் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

நீர்க்கணக்கு

//மழை 10% குறைந்தது, அதனால் நீரும் 10% குறைந்திருக்கும்//

முதல் வரியிலேயே கணக்கு வழுக்குகிறது தம்பி. பெய்யும் மழையில் மண், செடிகொடி, வெயில் மூன்றும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதுதான் ஆறு. சம்பளத்தில் வாடகையும் கடன் தவணையும் போக மிஞ்சியதைச் சேமிக்கிற ஒருவருக்குச் சம்பளம் 10% குறைந்தால், சேமிப்பும் 10% தானா குறையும்?

எண்ணில் பார்ப்போம். ஓரிடத்தில் ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 700 மி.மீ. ஆவியாகவும் இலைவழியாகவும் போகிறது. ஆற்றுக்கு 300. மழை 900 ஆகக் குறைந்தால் ஆவியாவதும் சற்றுக் குறையும், ஆனால் அதே விகிதத்தில் குறையாது. 670 என்று வைப்போம். ஆற்றுக்கு 230. மழையில் 10% போனதற்கு ஆற்றில் 23% போய்விட்டது. வறண்ட பகுதிகளில் இந்தப் பெருக்கம் இன்னும் கூடும், ஈரமான பகுதிகளில் குறையும். ஆஸ்திரேலியாவின் நீர்ப்பிடிப்புகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் மழை 1% மாறினால் ஓட்டம் 2 முதல் 3.5% வரை மாறியது தெரிந்தது. ரஷ்ய அறிவியலாளர் புடிகோ, மழைக்கும் ஆவியாக்கும் வெயிலின் வலுவுக்கும் உள்ள விகிதத்தை வைத்து ஒரு வளைகோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். நீரியலில் இன்றைக்கும் முதல் மதிப்பீடு அதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆக, உங்கள் ஆற்றில் மழைக் குறைவு மட்டுமே 20 முதல் 30% வரை விளக்கிவிடலாம். மனிதர் பங்கு 40% என்று எழுதினால், அது அணைக்காரர்கள் மேலும் விவசாயிகள் மேலும் அவர்கள் செய்யாததையும் சேர்த்துச் சுமத்துவதாகும்.

அப்புறம் வெப்பம். மழை மாறாமலே வெப்பம் கூடினாலும் ஆறு மெலியும். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடினால் ஓட்டம் ஏறக்குறைய 9% குறைகிறது என்று 2020இல் வந்த ஆய்வு கணித்தது. அங்கே பனி மூடியிருக்கும் பரப்பு சுருங்குகிறது. வெள்ளைப் பனி திருப்பி அனுப்பிய வெயிலை இப்போது வெறும் நிலம் வாங்கிக்கொள்கிறது, ஆவியாவது கூடுகிறது. உங்கள் ஆற்றுக்குப் பனி இல்லையென்றால் இந்த எண் பொருந்தாது. வெப்பத்தின் பங்கைத் தனியாகத்தான் மதிப்பிட வேண்டும்.

அலையாத்தி

மழை சிறிது குறைந்து ஆறு பெரிதாகக் குறைந்ததற்குக் கண்முன்னால் உள்ள சான்று ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை. பெர்த் நகரத்துக்கு நீர் தரும் அணைகள் அங்கேதான். 1970களின் நடுவில் குளிர்கால மழை ஒரு படி இறங்கியது, ஏறக்குறைய 15 முதல் 20%. அணைகளுக்கு வந்த நீரோ ஏறக்குறைய பாதியானது, அப்புறம் இன்னும் இறங்கியது. மழை வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கவில்லை, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளுக்குப் போய்விட்டார்கள்.

கல்பாலம்

பெரியவர் நீர்க்கணக்கு சொன்ன கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெண்மணல், அதற்கும் முந்தின கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் 60 ஆண்டுத் தரவு உண்மையில் எதை அளந்தது?

பலருக்கும் இது தெரிவதில்லை: ஆற்றின் ஓட்டத்தை யாரும் தினமும் அளப்பதில்லை. தினமும் பார்ப்பது நீர்மட்டத்தை மட்டும். கரையில் நட்ட அளவுகோலில், அல்லது கிணறு போன்ற குழாய்க்குள் மிதக்கும் மிதவையில், இல்லையென்றால் இப்போது ரேடாரில். ஆண்டுக்குச் சில முறைதான் ஆட்கள் போய் உண்மையான ஓட்டத்தை அளப்பார்கள். ஆற்றின் குறுக்கே கயிறு கட்டி, அகலத்தை இருபது இருபத்தைந்து துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆழம் பார்த்து, நீர் மேல்மட்டத்திலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே கரண்ட் மீட்டரை (நீரின் வேகத்தை அளக்கும் கருவி) இறக்குவோம். அந்த இடத்து வேகம் அந்தத் துண்டின் சராசரி வேகத்துக்கு அருகில் இருக்கும். ஆழம் அதிகமானால் பத்தில் இரண்டிலும் பத்தில் எட்டிலும் அளந்து சராசரி எடுப்போம். வேகத்தைப் பரப்பால் பெருக்கி, எல்லாத் துண்டையும் கூட்டினால் அன்றைய ஓட்டம். மட்டத்தையும் ஓட்டத்தையும் இப்படிப் புள்ளி புள்ளியாக வைத்து ஒரு கோடு போடுவோம். நாங்கள் ரேட்டிங் கர்வ் என்போம். மற்ற நாளெல்லாம் மட்டத்தைப் பார்த்து, அந்தக் கோட்டிலிருந்து ஓட்டத்தைப் படித்து எழுதுவதுதான் "நீரோட்டத் தரவு".

இப்போது யோசியுங்கள். அணை வந்ததும் வண்டல் மேலேயே தங்கிவிடும். கீழே தெளிந்து வரும் நீர் படுகையை அரிக்கும். மணல் அள்ளினாலும் அதே கதி. படுகை அரை மீட்டர் இறங்கினால், அதே அளவு நீர் போனாலும் அளவுகோலில் மட்டம் குறைவாகத்தான் காட்டும். பழைய கோட்டை மாற்றாமல் வைத்திருந்தால், ஆறு வற்றிவிட்டது என்று காகிதம் சொல்லும், ஆற்றில் நீர் போய்க்கொண்டே இருக்கும். குறைந்த ஓட்டக் காலத்தில்தான் இந்தப் பிழை மோசம். அதனால் எந்தப் புள்ளியியலைத் தொடும் முன்பும், அந்த நிலையத்தின் அளவீட்டுப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். எந்தெந்த ஆண்டு கோடு மாற்றப்பட்டது, அளவுகோலை இடம் மாற்றினார்களா, அளவுகோலின் பூஜ்ஜியப் புள்ளியை மாற்றினார்களா என்று.

அளவுகோல் எண் ஆழம் இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். 2018 அக்டோபரில் ஜெர்மனியின் கௌப் என்ற இடத்தில் ரைன் நதியின் அளவுகோல் 25 செ.மீ. காட்டியது. கப்பல் போகும் வழியில் அப்போதும் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதல் ஆழம் இருந்தது. ஆனாலும் சரக்குக் கப்பல்கள் பாரத்தில் பெரும்பகுதியை இறக்கிவிட்டுத்தான் ஓட முடிந்தது.

வெண்மணல்

கல்பாலம் அண்ணா, மிக்க நன்றி. பதிவேட்டைக் கேட்டு எழுதியிருக்கிறேன். அணையால் ஆண்டு மொத்தம் குறையுமா, இல்லை காலம் மட்டும் மாறுமா?

கல்பாலம்

அணை நீரைக் குடித்துவிடாது. நீர்த்தேக்கத்தின் மேல்பரப்பில் ஆவியாகும் நீர், அணையிலிருந்து கால்வாயில் திருப்பும் நீர், இரண்டும்தான் இழப்பு. வெறும் மின்சாரத்துக்குக் கட்டிய அணையென்றால் ஆண்டு மொத்தம் பெரிதாக மாறாது. ஆனால் வெள்ளம் தட்டையாகும், கோடையில் ஓட்டம் கூடும், மின்தேவைக்கு ஏற்ப ஒரே நாளுக்குள் நீர் ஏறி இறங்கும். மீனுக்கும் கரைத் தாவரத்துக்கும் ஆண்டு மொத்தத்தைவிட இதுதான் பெரிய விஷயம். எப்போது வெள்ளம் வரும் என்பதை வைத்துத்தான் அவை முட்டையிடுவதும் விதை பரப்புவதும். 2019இல் ஓர் உலகளாவிய கணக்கெடுப்பு வந்தது. 1,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமான நதிகளில், முழு நீளமும் தடையின்றி ஓடுபவை 37% தான்.

ஆக, ஆண்டு மொத்தத்தை மட்டும் வரைந்துவிட்டு நிறுத்தாதீர்கள். மாதம் மாதமாக வரையுங்கள்.

பனிமுகடு

சின்னச் சேர்க்கை. காலநிலை மாறினால் எல்லா ஆறும் குறையும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆர்க்டிக் கடலில் கலக்கும் யூரேசியாவின் ஆறு பெரிய நதிகளின் ஓட்டம் 1936க்கும் 1999க்கும் இடையில் 7% கூடியது. ஐரோப்பாவில் கடந்த அரை நூற்றாண்டில் வடமேற்கில் வெள்ளம் பெருத்தது, தெற்கிலும் கிழக்கிலும் சிறுத்தது. பனிப்பாறை உருகும் மலையாறுகளில் முதலில் நீர் கூடும், பனிப்பாறை சுருங்கியபின் குறையும். அந்தக் கூடும் காலத்தில் பாசனத்தைப் பெருக்கிக்கொண்டவர்களுக்குப் பின்னால்தான் துயரம். மேற்கு அமெரிக்காவில் பனியுருகு நீர் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்ததைவிட ஒன்று முதல் நான்கு வாரம் முன்னதாகவே வந்துவிடுகிறது. மொத்தம் அதே இருந்தாலும் பயிருக்கு வேண்டிய மாதத்தில் இருக்காது.

காட்டுக்கொடி

எல்லாரும் அணை, மழை என்றே பேசுகிறீர்கள். மேலே காடு போனதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? காட்டை அழித்ததால்தான் ஆறு வற்றியது. மரம் நட்டால் ஆறு திரும்ப வரும்.

நீர்க்கணக்கு

காட்டுக்கொடி, காட்டின் மேல் உங்களுக்குள்ள அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் ஆண்டு மொத்த ஓட்டத்தைப் பொறுத்தவரை அளவீடுகள் நேர் எதிராகச் சொல்கின்றன. இதை மறைக்காமல் பேசினால்தான் காட்டுக்கும் நல்லது.

பக்கத்துப் பக்கத்தில், மண்ணும் மழையும் ஒத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொள்வார்கள். சில ஆண்டு இரண்டையும் சும்மா அளப்பார்கள். பிறகு ஒன்றில் மரத்தை வெட்டுவார்கள் அல்லது நடுவார்கள், மற்றதைத் தொடமாட்டார்கள். அமெரிக்காவில் 1910இலேயே இது தொடங்கியது. 1982இல் இத்தகைய 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பைன், யூகலிப்டஸ் காடுகளில் பரப்பு 10% மாறினால் ஆண்டு ஓட்டம் ஏறக்குறைய 40 மி.மீ. எதிர்த் திசையில் மாறியது. இலையுதிர் மரங்களில் ஏறக்குறைய 25 மி.மீ., புதர்க்காட்டில் 10 மி.மீ. மரம் ஆழத்தில் வேர்விட்டு, புல் எட்டாத நீரையும் எடுத்து விடுகிறது. தென்னாப்பிரிக்காவில் ஆற்றோரத்தில் படர்ந்த அயல்மரங்களை வெட்டியெடுக்க 1995 முதல் அரசே ஆள் வைத்து வேலை செய்கிறது; நீரை மீட்பது அதன் முதல் நோக்கங்களில் ஒன்று.

இன்னும் நுணுக்கமான சான்று மெல்போர்னுக்கு நீர் தரும் மலைக்காடுகள். 1939இல் பெரும் காட்டுத்தீயில் 'மலைச்சாம்பல்' (mountain ash) எனப்படும் யூகலிப்டஸ் வகையின் பழைய மரங்கள் எரிந்து போயின. காடு எரிந்தால் நீர் கூடும் என்று எதிர்பார்ப்போம். முதல் சில ஆண்டு கூடவும் செய்யும். ஆனால் அடர்த்தியாக முளைத்த இளமரங்கள் கிழமரங்களைவிட அதிக நீர் குடித்தன. இரண்டு மூன்று பத்தாண்டுகளில் ஓட்டம் ஏறக்குறைய பாதி வரை இறங்கக்கூடும் என்றும், பழைய நிலைக்கு வர நூறாண்டுக்கு மேல் ஆகும் என்றும் கணித்தார்கள். மரம் இருக்கிறதா என்பதோடு, அதன் வயதும் கணக்கில் வருகிறது.

காட்டுக்கொடி

அப்படியென்றால் மலையில் காடு அழிந்த பிறகு கோடையில் ஓடை நிற்கிறது என்று மக்கள் சொல்வதெல்லாம் பொய்யா? வெட்டினால் நல்லது என்கிறீர்களா?

நீர்க்கணக்கு

பொய் இல்லை. இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்க முடியும். காட்டை வெட்டியதோடு நின்றால் நீர் கூடும். ஆனால் வெட்டிய இடத்தில் மாடு மேய்ந்து மண் இறுகி, மேல்மண் அரித்துப் போய், சாலையும் கட்டடமும் வந்தால், மழை மண்ணுக்குள் இறங்காமல் வழிந்தோடிவிடும். ஆண்டு மொத்தம் கூடியிருக்கும், வெள்ளம் பெருத்திருக்கும், கோடையில் ஓடை வறண்டிருக்கும். மக்கள் பார்ப்பது கோடை ஓடையை. அவர்கள் சொல்வது சரி. மண்ணைக் காப்பதற்கும், வெள்ளத்தைத் தணிப்பதற்கும், உயிர்களுக்கும் காடு வேண்டும். ஆற்றுநீரின் ஆண்டு மொத்தத்தைக் கூட்டுவதற்காக என்று சொல்லி மரம் நட்டால், பத்தாண்டு கழித்து நீர் குறையும்போது காட்டின் மேலேயே பழி விழும். அதுதான் என் பயம்.

இன்னொன்று. மிகப்பெரிய காடுகள், அமேசான் போன்றவை, தாம் வெளியேற்றும் ஈரத்தால் காற்று போகும் திசையில் தள்ளியிருக்கும் நிலங்களுக்கு மழையாகவும் தருகின்றன. சிறு நீர்ப்பிடிப்புச் சோதனையில் அது தெரியாது. உங்கள் பக்கத்துக்கு அந்த அளவில் வலுவான வாதம் இருக்கிறது.

காட்டுக்கொடி

கோடை ஓடை பற்றிச் சொன்னது என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. சரி, வெண்மணல், மேலே என்ன மரங்கள், எப்போது நட்டவை என்று கேளுங்கள். தைலமரத் தோட்டம் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

ஊற்றுக்கண்

நிலத்தடி நீரை எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள். மழையில்லாத மாதங்களில் ஆற்றில் ஓடுவதே நிலத்தடியிலிருந்து கசிந்து வரும் நீர்தான். கரையோரம் நீர்மட்டம் ஆற்றைவிட உயரமாக இருக்கும்வரை நிலம் ஆற்றுக்குக் கொடுக்கும். ஆழ்துளைக் கிணறுகள் அதை இறக்கிவிட்டால் ஆறு நிலத்துக்குக் கொடுக்கத் தொடங்கும். அமெரிக்கா முழுக்கக் கிணறுகளை ஆற்றோடு ஒப்பிட்ட 2021 ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு கிணறுகளில் நீர்மட்டம் பக்கத்து ஆற்றைவிடத் தாழ்ந்திருந்தது. கிணறு தோண்டிய ஆண்டே இது தெரியாது. கிணறு ஆற்றிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு தாமதமாகும், சில சமயம் பத்தாண்டுகள். அதனால் தரவில் ஒரு வெட்டு மாதிரித் தெரியாமல் மெல்லச் சரியும். அணை வந்த தேதி எல்லாருக்கும் தெரியும், கிணறுகளுக்கு அப்படி ஒரு தேதி இல்லை. பழி முழுக்க அணைக்குப் போய்விடுகிறது.

அலையாத்தி

அதற்குத்தான் சொட்டுநீர்ப் பாசனம். வாய்க்காலில் வீணாகும் நீரை மிச்சப்படுத்தினால் ஆற்றுக்கு விடலாமே?

ஊற்றுக்கண்

வாய்க்காலில் "வீணான" நீர் எங்கே போனது? மண்ணுக்குள் இறங்கி, கீழே உள்ள கிணற்றுக்கும் ஆற்றுக்கும் திரும்பி வந்துகொண்டிருந்தது. சொட்டுநீர் போட்டதும் அந்தத் திரும்புநீர் நின்றுவிடும். மிச்சமான நீரில் விவசாயி இன்னும் இரண்டு வயலுக்குப் பாய்ச்சுவார், அது அவர் உரிமை. பயிர் வழியாக ஆவியாவது மொத்தத்தில் கூடிவிடும். எடுக்கும் நீருக்கு உச்சவரம்பு வைக்காமல் சொட்டுநீர் மட்டும் கொடுத்தால் ஆற்றுக்கு ஒரு சொட்டும் கூடுதலாகக் கிடைக்காது.

நீர்க்கணக்கு

ஊற்றுக்கண் சொன்னதோடு உடன்படுகிறேன்.

வெண்மணல், இப்போது நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல நினைப்பது. நீங்கள் "பாதியாகிவிட்டது" என்கிறீர்கள். எதில் பாதி? முதல் 20 ஆண்டில் பாதி. அந்த 20 ஆண்டு இயல்பானதுதானா என்று பார்த்தீர்களா?

கொலராடோ நதியை 1922இல் பங்கு போட்டார்கள். நதியின் மேல்பகுதி மாநிலங்களுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி ஆழம் நிற்கும் நீர் ஒரு ஏக்கர் அடி), கீழ்ப்பகுதிக்கு 75 லட்சம். 1944இல் மெக்சிகோவுக்கு 15 லட்சம். மொத்தம் 1.65 கோடி ஏக்கர் அடி. அப்போது கையில் இருந்த சில பத்தாண்டு அளவீட்டில் நதி அதற்கு மேலேயே கொடுத்துக்கொண்டிருந்தது. பிறகு மரவளையங்களை (ஈரமான ஆண்டில் தடித்தும் வறண்ட ஆண்டில் மெலிந்தும் வளர்பவை) வைத்துப் பல நூற்றாண்டுக் கணக்கை மீட்டெடுத்த 1976 ஆய்வு, நீண்டகாலச் சராசரி ஏறக்குறைய 1.35 கோடிதான் என்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் கடந்த பல நூற்றாண்டுகளில் அபூர்வமாக ஈரமான காலம். அந்த அபூர்வத்தை இயல்பென்று வைத்துச் சட்டம் எழுதினார்கள். 2000க்குப் பிறகு வெப்பமும் சேர்ந்து நதி இன்னும் மெலிந்தது. காலநிலை மாறாமல் இருந்திருந்தாலும் அந்தக் கணக்கு ஒருநாள் உடைந்திருக்கும்.

நைல் இதைவிட நல்ல பாடம். எகிப்தின் அஸ்வானில் 1871 முதல் 1898 வரை ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 11,000 கோடி கன மீட்டர். அதற்குப் பிறகு ஏறக்குறைய 8,500 கோடி. படிக்கட்டு மாதிரி ஒரே இறக்கம். மாற்றப்புள்ளியைக் கண்டுபிடிக்கும் எந்தச் சோதனையைப் போட்டாலும் அந்த ஆண்டில்தான் போய் நிற்கும். அதே 1898 வாக்கில்தான் பழைய அஸ்வான் அணையைக் கட்டத் தொடங்கினார்கள்! தேதி பொருந்துகிறது, அணைதான் குற்றவாளி என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் அதே காலத்தில் வெப்பமண்டல மழையே குறைந்ததை மழைப்பதிவுகள் தனியாகக் காட்டுகின்றன. இறங்கியபின் இருந்த அளவை ஒட்டித்தான், ஆண்டுக்கு 8,400 கோடி என்று வைத்து, 1959இல் எகிப்தும் சூடானும் பங்கு பிரித்தன.

அந்த நைலில் பல நூற்றாண்டு நீர்மட்டப் பதிவுகளை ஆராய்ந்துதான் ஹர்ஸ்ட் என்ற நீரியலாளர் 1951இல் ஒன்றைக் காட்டினார்: ஈரமான ஆண்டுகள் கூட்டமாக வரும், வறண்ட ஆண்டுகளும் கூட்டமாக வரும், எதிர்பார்ப்பதைவிட நெடுங்காலத்துக்கு. 20 ஆண்டு, 30 ஆண்டு என்பது ஒரே கூட்டத்துக்குள் விழுந்துவிடலாம். ஆகவே மழைக்கு இன்னும் பழைய பதிவு கிடைத்தால் தேடிப் பிடியுங்கள். நீரோட்டத்தைவிட மழையை முன்பிருந்தே அளந்திருப்பார்கள்.

மேல்மடை

நான் ஆற்றின் ஓட்டத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகளை (மாடல்களை) ஓட்டுபவன். வழக்கமான முறை இது: அணை, பாசனம் வருவதற்கு முந்தின காலத்தில் மழை-ஓட்ட மாதிரியைப் பொருத்திக்கொள்வோம். பிறகு பிந்தின காலத்து மழையையும் வெப்பத்தையும் அதில் கொடுத்து, மனிதர் கைவைக்காவிட்டால் எவ்வளவு ஓடியிருக்கும் என்று பார்ப்போம். அதற்கும் அளந்ததற்கும் உள்ள வித்தியாசம் மனிதர் பங்கு. தெளிவான முறை. இதையே செய்யலாமே?

நீர்க்கணக்கு

செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் அந்த வித்தியாசத்துக்கு "மனிதர் பங்கு" என்று பெயர் வைப்பதில்தான் எனக்கு மறுப்பு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997 முதல் 2009 வரை நீண்ட வறட்சி. அணையில்லாத, பாசனமில்லாத நீர்ப்பிடிப்புகளை மட்டும் தேர்ந்து ஆராய்ந்தார்கள். அதே அளவு மழைக்கு முன்பு வந்ததைவிடக் குறைவான நீரே வந்தது. வறட்சி முடிந்து 7 ஆண்டு ஆனபின்னும் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2021இல் வெளியிட்டார்கள். மழைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவே மாறிவிட்டது, யாரும் கைவைக்காமல். உங்கள் முறையை அங்கே போட்டால் இந்தக் குறைவு முழுவதையும் இல்லாத மனிதர் மேல் எழுதும்.

மேல்மடை

நியாயம். அப்படியானால் பக்கத்தில் மனிதர் தொடாத ஒரு நீர்ப்பிடிப்பையும் வைத்து ஒப்பிட வேண்டும். அதிலும் இதே வித்தியாசம் வந்தால் அது மனிதர் பங்கு இல்லை.

உலக அளவில் பார்த்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 7,250 அளவீட்டு நிலையங்களின் 1971 முதல் 2010 வரையான போக்கை மாதிரிகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வந்தது. எந்தெந்தப் பகுதியில் கூடுகிறது, எங்கே குறைகிறது என்ற பெரிய வடிவத்தைப் பாசனமும் நிலப்பயன்பாடும் மட்டும் விளக்கவில்லை. மனிதர் வெளியிட்ட வாயுக்களால் மாறிய காலநிலையைச் சேர்த்தால்தான் பொருந்தியது. ஆக, "காலநிலையா மனிதரா" என்று கேட்கும்போதே, காலநிலை என்று நாம் ஒதுக்கி வைக்கும் பங்கிலும் மனிதர் கை இருக்கிறது. தனியொரு ஆற்றில் மட்டும் உள்ளூர்ப் பயன்பாடு அதை எளிதாக மூடிவிடும்.

ஊற்றுக்கண்

உள்ளூர்ப் பயன்பாடு என்றால் சீனாவின் மஞ்சள் நதிதான். 1972இல் முதல்முறை கீழ்ப்பகுதி வறண்டது. 1997இல் 226 நாள் கடலுக்கு நீர் போகவில்லை. 1999இல் எந்த மாகாணம் எப்போது எவ்வளவு எடுக்கலாம் என்று மேலிருந்து ஒரே கையில் ஒழுங்குபடுத்தினார்கள். அந்த ஆண்டுக்குப் பிறகு நதி வறண்டு நிற்கவில்லை. மழை திடீரென்று பெருகிவிடவில்லை, எடுப்பதைக் கட்டுக்குள் வைத்தார்கள். மனிதர் பங்கைத் தனியாகப் பிரித்து அறிவதால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். அந்தப் பங்கை நம்மால் மாற்ற முடியும். (வண்டல் வேறு கதை. ஆண்டுக்கு 160 கோடி டன் என்று பேசப்பட்ட வண்டல், மேட்டுநிலத்தில் படிக்கட்டு வயல்களும் புல்லும் அணைகளும் வந்தபின் 30 கோடிக்கும் கீழே போய்விட்டது. கழிமுகம் வளர மண் இல்லை.)

வெண்மணல்

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி செய்து பார்த்தேன்.

பதிவேட்டில் ரேட்டிங் கர்வ் ஒழுங்காக மாற்றப்பட்டு வந்திருக்கிறது, அளவுகோல் இடம் மாறவில்லை. மழைக்கு 100 ஆண்டுப் பதிவு கிடைத்தது. நீரோட்டத் தரவின் முதல் 20 ஆண்டுகளில் மழை நூறாண்டுச் சராசரியைவிட 8% அதிகம்! கடைசி 20 ஆண்டு 3% குறைவு. மாத வாரியாகப் பார்த்தால் மழைக்கால உச்சம் ஓரளவு தட்டையாகியிருக்கிறது, கோடை மாதங்கள்தான் மிக மோசம். அணைக்குப் பிறகும் அது நிற்காமல் மெல்லச் சரிந்துகொண்டே வருகிறது.

நீர்க்கணக்கு

அருமையான வேலை தம்பி. இப்போது ஒரு முதல் கணக்கு. மழை 1% மாறினால் ஓட்டம் 2.5% மாறும் என்று வைப்போம். நூறாண்டுச் சராசரி மழைக்கு இயல்பாக ஓடக்கூடியது 100 என்றால், முதல் 20 ஆண்டு 120. கடைசி 20 ஆண்டு மழைக்கு 92 அல்லது 93 ஓடியிருக்க வேண்டும். ஓடியதோ 60. ஆகவே நீங்கள் "பாதி" என்று சொன்ன 60 அலகு இறக்கத்தில் ஏறக்குறைய 27 மழையால். அதிலும் பெரும்பகுதி, தொடக்கம் அபூர்வமாக ஈரமாக இருந்ததால். மிச்சம் 33இல் வெப்பம், பாசனம், நீர்த்தேக்க ஆவி, கிணறுகள், மரத்தோட்டம் எல்லாம் அடக்கம். மழைக்கு 10, மனிதருக்கு 40 என்று இருந்தது, இப்போது சரிபாதிக்கு அருகில் வந்துவிட்டது. அந்த 2.5 என்ற எண்ணை உங்கள் தரவிலிருந்தே, அணைக்கு முந்தின ஆண்டுகளில் சரிபாருங்கள். 2 என்றோ 3 என்றோ வந்தால் எல்லாமே நகரும். அறிக்கையில் ஒரே எண்ணைப் போடாமல் இரண்டு எல்லைகளையும் போடுங்கள்.

ஊற்றுக்கண்

கோடை மெல்லச் சரிவது கிணறுகளின் கையெழுத்து மாதிரித் தெரிகிறது. பாசனத்துக்கு நீர் தேக்கும் அணையென்றால் கோடையில் கீழே விடும் நீர் எங்கே திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். கால்வாய் அணையிலிருந்தே பிரிகிறதா, உங்கள் நிலையத்துக்குக் கீழேயா?

வெண்மணல்

அணையிலிருந்தே பிரிகிறது. அணைக்கு மேலே ஒரு நிலையம் உண்டு, அணை கட்டிய காலத்திலிருந்து. அந்தத் தரவை இன்னும் வாங்கவில்லை.

கல்பாலம்

அதை வாங்குங்கள், அதுதான் இப்போது அவசியம். மேல் நிலையத்திலும் கோடை சரிந்தால் கிணறும் மரத்தோட்டமும் வெப்பமும். அங்கே சரியாமல் கீழே மட்டும் சரிந்தால் கால்வாயும் இடையில் உள்ள கிணறுகளும். கால்வாயில் திருப்பிய நீரின் மாதக் கணக்கு, நீர்த்தேக்கத்தின் மட்டம், இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். தேக்கத்தில் கூடியதும் குறைந்ததும் தெரியாமல் இயற்கை ஓட்டத்தைத் திருப்பிக் கட்ட முடியாது. கிடைத்ததும் இதே இழையில் போடுங்கள், மாதம் மாதமாக உட்கார்ந்து பார்ப்போம்.